நம்பிக்கைகளும் உண்மைகளும்: செட்டுக்குத் தமிழ் தெரியாதாம்!

நம்பிக்கை: உரைக்கோப்புகளைத் திருத்தும் செட் (sed), ஆக் (awk) போன்ற கட்டளைக் கருவிகள் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழ்க் கோப்பில் ஓடவிட்டால் எழுத்தை உடைத்துவிடும்.

உண்மை: உடைக்காது. இந்தக் கதையை ரொறன்ரோவில் கேட்கும்போதுதான் எனக்குக் கூடுதலாக எரிச்சல் வருகிறது. சங்க மலர் தயாரிப்பவரும் சொல்கிறார், கணினித்துறையில் பட்டம் வாங்கியவரும் சொல்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "ஒருக்கா ஓடவிட்டனான், எல்லாம் கேள்விக்குறியா வந்திட்டுது" என்பார்கள். என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்று கேட்டால் நினைவில்லை. தடயம் இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் தயார்.

ஆக்கை 1977இல் பெல் ஆய்வுகூடத்தில் எழுதியவர்கள் மூவர்: ஆல்ஃபிரெட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன். மூவரில் இருவர் நம் மாகாணத்து ஆட்கள். ஏஹோ பிறந்தது ரிம்மின்ஸில், கெர்னிகன் பிறந்தது ரொறன்ரோவிலேயே. இருவரும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் படித்துப் பிரின்ஸ்டனுக்குப் போனவர்கள். அந்தக் கெர்னிகன் 2022இல், தன் எண்பதாவது வயதில், பழைய மூலநிரலைத் திறந்து தன் ஆக்குக்கு யூனிகோட் ஆதரவைச் சேர்த்தார். குனூ அமைப்பின் ஆக் வடிவமான காக் (gawk) அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த வசதியோடு வந்துவிட்டது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும் ஸ்காபரோவில் இருந்துகொண்டு "ஆக்குக்குத் தமிழ் வராது" என்றால் என்ன செய்வது?

செட்டுக்கு வருவோம். லீ மக்மஹோன் 1970களின் தொடக்கத்தில் எழுதியபோது தமிழை நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் தமிழ் பிழைத்துக்கொள்கிறது. காரணம், யூனிகோட் குறிகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 கட்டப்பட்ட விதம். 1992இல் கென் தொம்ப்சனும் ரொப் பைக்கும் அதை வகுத்தபோது ஒரு விதியைக் கறாராக வைத்தார்கள்: ஆங்கில எழுத்துக்குரிய பைட் எதுவும் பிறமொழிக் குறியின் நடுவில் வரக்கூடாது; ஒரு குறியின் பைட் வரிசை இன்னொன்றின் இடையில் தொடங்கவும் முடியாது. ஆகவே 'யாழ்பாணம்' என்ற பிழையை 'யாழ்ப்பாணம்' என்று திருத்தச் சொன்னால், செட்டுக்குத் தமிழே தெரியாத சூழலிலும் திருத்தம் சரியாகவே விழும். அந்தப் பைட்டுகளை அது வேறெங்கும் தவறாகக் கண்டுபிடிக்க வழியில்லை.

அப்படியானால் உடைத்தது யார்? பெரும்பாலும், எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் உதவும் டிஆர் (tr) கருவி. குனூவின் டிஆர் எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பைட்டாகப் பார்க்கிறது. இதை அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. ஆய்தத்தை நீக்கு என்று டிஆரிடம் சொல்லிப் பாருங்கள். ஆய்தம் மூன்று பைட். அதில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறியிலும் இருக்கிறது, இரண்டாவது உயிரிலும் மெய்யிலும் இருக்கிறது. டிஆர் அந்தப் பைட்டுகளை எங்கிருந்தாலும் உருவி எடுத்துவிடும். கோப்பு முழுக்கக் குப்பையாகும். மக் கணினியின் டிஆர் எழுத்தறிந்தது என்பதால், வீட்டில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் லினக்ஸ் சேர்வரில் நாசம் செய்யும். அதே ஸ்கிரிப்டில் நாலு வரி தள்ளி செட் இருந்தால் பழி செட்டுக்கு. குனூவின் கட் (cut) கருவியும் நெடுங்காலமாக இந்தக் குற்றத்தைச் செய்து தப்பித்து வந்திருக்கிறது.

இரண்டாவது குற்றவாளி லோகேல், அதாவது எந்த மொழி, எந்த எழுத்துக் குறியீடு என்று கருவிகளுக்குச் சொல்லும் அமைப்பு. முனையத்தில் கையால் ஓட்டும்போது யூடிஎஃப்-8 லோகேல் இருக்கும். இரவில் கிரோன் ஓட்டும்போதோ மெலிந்த டொக்கர் பெட்டிக்குள்ளோ பெரும்பாலும் இருக்காது. அப்போது முற்றுப்புள்ளியும் சதுர அடைப்பும் எழுத்துக்குப் பதில் பைட்டைப் பிடிக்கும். அங்கேதான் உண்மையான உடைவு. ஸ்கிரிப்டின் தலையில் லோகேலை அறிவிக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு ஐம்பது ஆண்டுக் கருவியைத் திட்டுகிறார்கள்.

உங்கள் ஆக்கைச் சோதிக்க 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 15 என்றால் அது பைட் எண்ணுகிறது; உபுண்டுவில் இயல்பாக வரும் ஆக் வடிவமான மாக் (mawk) இந்த ரகம். 5 என்றால் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. காக் இந்த ரகம். 3 என்று எதுவும் தானாகச் சொல்லாது. மெய்யையும் அதன் துணைக்குறியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணும் வேலை உங்களுடையது.

இனி மற்றவற்றை வேகமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் செட்டுக்கும் ஒன்றுதான்.

உண்மை: இல்லை. 'கொ'வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. முதலில் கோப்பு முழுவதையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு தேடுங்கள்.

நம்பிக்கை: செட்டின் 'ஐ' தெரிவு இருக்கும் கோப்பையே திருத்துகிறது.

உண்மை: புதுக் கோப்பு எழுதிப் பழைய பெயரைச் சூட்டுகிறது. குறியீட்டு இணைப்பில் ஓட்டினால் இணைப்பு போய்ச் சாதாரணக் கோப்பு வந்து உட்காரும். பின்னொட்டு கொடுக்காவிட்டால் காப்புப்படியும் இல்லை. மக்கில் இலக்கணமே வேறு.

நம்பிக்கை: வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பினாலும் போதும்.

உண்மை: செட் தொடங்குமுன்பே ஷெல் கோப்பைக் காலியாக்கிவிடும். மிஞ்சுவது சுழி பைட்.

நம்பிக்கை: காற்புள்ளியில் பிரித்தால் சிஎஸ்வி ஆயிற்று.

உண்மை: மேற்கோளுக்குள் காற்புள்ளி உள்ள முதல் முகவரியிலேயே கவிழும். கெர்னிகனின் ஆக்கிலும், 5.3 தொடங்கி வந்த காக் பதிப்புகளிலும் சிஎஸ்விக்கெனவே தெரிவு உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நகரத்தில் செட்டுக்கென்றே பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது: பாமினி. தொண்ணூறுகளில் தொடங்கி இங்கே அச்சான சங்க மலர்கள், கோயில் விழா மலர்கள், நினைவு மலர்களில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் தட்டெழுதியவை. பாமினிக் கோப்பில் தமிழே கிடையாது. 'தமிழ்' என்ற சொல் அதற்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் அது வெறும் உளறல். எந்தத் தேடுபொறிக்கும் அகப்படாது.

இதை யூனிகோட்டாக்க ஒரு செட் கோப்பு போதும். வரிசைதான் முக்கியம். 'கொ' பாமினியில் என், எஃப், எச் என்ற மூன்று விசை. மூன்று குறிச் சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள், பிறகு இரண்டு, கடைசியில் ஒற்றை. எஃப்பை முதலில் 'க' ஆக்கினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் அநாதையாக நிற்கும். '@' உள்ள வரிகளைத் தொடாதே என்றும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாகிவிடும்.

ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்தின் தமிழ் இருக்கைக்கு முப்பது இலட்சம் டொலர் திரட்டிக் கொடுத்த சமூகம் இது. அந்த இருக்கைக்கு வரும் ஆய்வாளர் வாசிக்க நம் சொந்த மலர்கள் வேண்டாமா? பழைய குறுந்தட்டுகளை வெளியே எடுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், படியில் ஓட்டுங்கள், முன்னதையும் பின்னதையும் ஒருவரைக்கொண்டு வாசித்து ஒப்பிடுங்கள். ஓட்டிய செட் கோப்பையும் அதே அடைவில் வைத்துவிடுங்கள். விதியில் பிழை இருந்தால் அடுத்தவர் அதைத் திருத்தி மறுபடி ஓட்டட்டும்.