மார்பு இளகினால் பால் வற்றிவிட்டதா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். பெண் குழந்தை, 2.8 கிலோவில் பிறந்தாள். இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். போன வாரம் வரை மார்பு கனத்துப்போய் நைட்டியெல்லாம் நனையும். இப்போது எப்போது தொட்டாலும் மெத்தென்று இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை குழந்தை மடியை விட்டு இறங்குவதில்லை. குடிக்கிறாள், விடுகிறாள், அழுகிறாள். சந்தேகப்பட்டு பம்ப் வைத்துப் பார்த்தேன். 30 மில்லிதான் வந்தது. "உனக்குப் பால் பத்தலை, ராத்திரிக்கு மட்டும் பவுடர் பால் கொடு" என்கிறார் அம்மா. நேற்று ஒரு வேளை கொடுத்தோம். நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். அப்படியானால் இத்தனை நாளும் பசியோடுதான் இருந்தாளா, டாக்டர்? ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சிறுநீர் போகிறாள். 45-ஆம் நாள் ஊசிக்குப் போனபோது எடை 3.9 கிலோ.

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கேள்விக்கான விடை, கடைசி இரண்டு வரிகளில் நீங்களே எழுதியதில் இருக்கிறது. அதை முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

பிறந்த முதல் சில நாட்களில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் எடை குறையும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பும். உங்கள் மகளும் 14-ஆம் நாள் 2.8 கிலோவுக்கு வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 31 நாளில் 1,100 கிராம் ஏறியிருக்கிறாள்; நாளுக்கு 35 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் ஏறினாலே நாங்கள் திருப்தியாகத் தலையாட்டுவோம். ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று பொருள். உங்கள் மகள் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை.

பிறகு ஏன் மார்பு இளகியது? பிரசவமான புதிதில் குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்று உடம்புக்குத் தெரியாது. அதனால் தாராளமாகச் சுரந்து, கட்டிக்கொண்டு, ஒழுகும். ஏறக்குறைய ஆறு வாரத்தில் கணக்குப் பிடிபட்டுவிடும். தேவைக்கு ஏற்பச் சுரக்கும். கனம் குறைந்ததற்கு அதுதான் காரணம். பம்ப்பில் வருவதையும் அளவாகக் கொள்ளாதீர்கள். குழந்தையின் நாக்கும் தாடையும் செய்யும் வேலையைப் பிளாஸ்டிக் செய்யாது. நல்ல பால் உள்ளவர்களுக்கும் பம்ப்பில் கொஞ்சம்தான் வரலாம்.

சாயங்கால அழுகையும் இந்த வயதுக்கே உரியது. குழந்தைகளின் அழுகை உச்சத்துக்குப் போவது ஆறாவது வாரத்தையொட்டித்தான். அந்த நேரத்தில் அடிக்கடி மார்பு தேடுவது பசிக்காக மட்டுமல்ல, அணைப்புக்காகவும்தான்.

பவுடர் பால் குடித்து நாலு மணி நேரம் தூங்கினாளே என்கிறீர்கள். பவுடர் பால் பெரும்பாலும் பசும்பாலிலிருந்து தயாராவது. அது வயிற்றில் மெதுவாகத்தான் செரிக்கும். தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கேட்கிறாள். அந்த நீண்ட தூக்கம், முன்பு பசித்திருந்தாள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இறைத்த கிணறு ஊறும்' என்பார்களே, அது தாய்ப்பாலுக்கு அப்படியே பொருந்தும். குழந்தை சப்பினால் மூளையிலிருந்து புரோலாக்டின் சுரக்கும், பால் உற்பத்தியாகும். இரவில் இந்த ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். மார்பில் பால் தேங்கினால், 'போதும்' என்று உற்பத்தி குறையும். ராத்திரிக்கு ஒரு பாட்டில் என்று ஆரம்பித்தால் மார்பு அந்த வேளை காலியாகாது. சில நாளில் பால் நிஜமாகவே குறையும். அம்மா சொன்னது பலித்தது போலத் தோன்றும். என்னிடம் 'பால் பத்தலை' என்று வருகிற பலருக்கும் ஆரம்பம் இந்த ஒரு பாட்டில்தான்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். கோடையிலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு. தினம் 400 யூனிட் சொட்டு மருந்தாகத் தர வேண்டும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்தப் பால் உங்கள் உடம்பையும் காக்கிறது. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும். முதல் சில நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடித்திருக்குமே, அது இதனால்தான். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் 'லான்செட்' இதழில் வந்த அலசல், பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைவதாகச் சொன்னது. சூல்பைப் புற்றுநோய், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் குறைகிறது.

பத்தியம் என்று உங்களை யாரும் பூண்டு ரசத்தோடு நிறுத்திவிட வேண்டாம். முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி அளவுக்கு அதிகமாகச் சாப்பிட வேண்டும். முட்டை, கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள்.

சிறுநீர் ஆறு தடவைக்குக் குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, பால் குடிக்க எழாமல் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். உங்களுக்கு மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சல் வந்தாலும் அப்படியே. பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். காரணமில்லாமல் உங்களுக்கு அழுகை வந்துகொண்டே இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பலவீனம் இல்லை. மருத்துவம் உள்ள ஒன்று.

உங்கள் அம்மாமேல் கோபப்படாதீர்கள். பேத்தி அழுவதும் மகள் வாடுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஆறு மணிக்குப் பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் சூடாக இரண்டு தோசை சாப்பிடுங்கள். இரண்டரை மாத ஊசியின்போது எடையை அட்டையில் குறித்துத் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதை அம்மாவிடம் காட்டுங்கள்.