ஆங்கிலப் பெயரடைகளைப் பெருக்கிக் கொள்ளும் வழி

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரிகள் எழுதுக என்றால், நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் 'நைஸ்' என்றோ 'குட்' என்றோ எழுதி நிறுத்திவிடுகின்றனர். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் 'நைஸ்'. தீபாவளி வாணவேடிக்கைக்கும் 'நைஸ்'. பொருளின் இயல்பைச் சொல்ல வேண்டிய பெயரடை, எழுதுபவரின் விருப்பத்தை மட்டும் சொல்லி ஓய்ந்துவிடுகிறது. பால்கோவா 'கிரீமி', அதாவது பாலாடை போன்ற குழைவுடையது. சிலவேளை 'கிரெய்னி', மணல்மணலாக இருப்பது. பரோட்டா 'கிரிஸ்ப்', மொறுமொறுப்பானது.

இத்தகைய சொற்களைச் சேர்ப்பதற்கு அகராதியை அகர வரிசையில் நெட்டுருச் செய்வதில் நமக்கு நம்பிக்கை இல்லை. நம் இலக்கண ஆசிரியர்களே வழி காட்டியுள்ளனர். தொல்காப்பியர் பண்புத்தொகையைக் கூறுமிடத்தில் வண்ணம், வடிவு, அளவு, சுவை என்னும் நான்கையும் பெயர் சொல்லி எடுத்துக் காட்டினார். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் புதுமை, மென்மை, சிறுமை முதலாகப் பண்புப்பெயர்கள் 11ஐ எண்ணி, அவற்றின் எதிர்ச்சொற்களையும் உடன் கொள்ளச் செய்தார். இவ்விரண்டு முறைகளும் ஆங்கிலத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

ஒரு மிளகாய் வற்றலை எடுத்துக் கொள்வோம். வண்ணத்தில் அது 'கிரிம்சன்', கருஞ்சிவப்பு. வடிவில் 'ரிங்கிள்ட்', சுருக்கம் விழுந்தது. அளவில் 'ஸ்லெண்டர்', மெலிந்தது. சுவையில் 'பன்ஜென்ட்', காரமானது. 'ஹாட்' என்றும் சொல்லலாம். ஆனால் அது சூட்டையும் குறிக்குமாதலால் மயக்கம் தரும். இனி எதிர்ச்சொற்கள்: 'ஸ்மூத்', 'ஸ்டவுட்', 'மைல்ட்'. வண்ணத்துக்கு எதிர் தேட வேண்டா. ஒரே வற்றலில் ஏழு சொற்கள் கிடைத்துவிட்டன.

எதிர்ச்சொல் தேடும்போது ஓரிடத்தில் மிகுந்த விழிப்பு வேண்டும். 'விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரிவது. 'இன்விசிபிள்' என்றால் தெரியாதது. இதை அறிந்த பிள்ளை, 'ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றக்கூடியது, ஆகவே 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று முடிவு செய்யும். அது முற்றிலும் தவறு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இங்குள்ள 'இன்' எதிர்மறையன்று. மூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லோடு வந்த முன்னொட்டு. தீப்பற்றாததற்கு 'நான்ஃப்ளேமபிள்' என்பதே சொல். நம் வகுப்புகளில் இதைக் கேட்ட போதெல்லாம் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே முதலில் தவறினர். விதி தெரிந்ததால் வந்த வினை! சிவகாசி வட்டாரத்தில் வேதிப்பொருள் பீப்பாயின்மீது இச்சொல்லைக் கண்டு, பெற்றோருக்குப் பிள்ளை தவறாகப் பொருள் சொல்லிவிட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் அறிந்த நாடுகளிலேயே இக்குழப்பம் இருந்தமையால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்னும் சொல்லையே பெரிதும் கையாள்கின்றனர்.

'கிரீன்' என்ற எளிய சொல்லும் நம் மாவட்டத்தில் இருபொருள் பெற்றுவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடை செய்து, மாசு குறைந்த வகைகளையே அனுமதித்தது. அவற்றுக்குக் 'கிரீன் கிராக்கர்ஸ்' என்று பெயர். இதில் 'கிரீன்' நிறமன்று, சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்தது என்பதாகும். வாணத்தில் பச்சை ஒளி தருவதே பேரியந்தான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும்.

மாணவர் பலர் 'ஐ ஆம் போரிங்' என்கின்றனர். அதன் பொருள், 'நான் பிறருக்குச் சலிப்பூட்டுபவன்' என்பது. தமக்குச் சலிப்பு உண்டாயின் 'போர்ட்' என்க.

பெயரடைகள் பல சேர்ந்து வருமாயின் அளவு, பழமை, வடிவு, நிறம், செய்பொருள் என்ற வரிசை பெரும்பாலும் அமையும். 'எ ஸ்மால் ஓல்ட் ரவுண்ட் பிராஸ் பாட்' என்பது சிறிய, பழைய, உருண்டையான பித்தளைப் பானை. இம்முறையில் வீட்டிலுள்ள குடை, திருகை, அரிவாள்மனை ஆகிய மூன்றுக்கும் நான்கு நான்கு பெயரடைகள் எழுதுமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.