எது எங்க கம்பெனி கலர்?

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிரெயினிங் போயிருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சோப்பு டப்பா ஒன்று அச்சாகி, லேமினேஷனும் முடிந்து அடுக்கி வைத்திருந்தது. பார்ட்டி வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, போஸ்டர்ல ஒரு ஆரஞ்சு, டப்பாவுல ஒரு ஆரஞ்சு, கம்ப்யூட்டர்ல காட்டினது வேற ஆரஞ்சு. இதுல எது எங்க கம்பெனி கலர்?"

லாட் முழுக்க ரிஜெக்ட். மிஷின்மேன் அண்ணன் டிசைனரைக் கை காட்டினார். டிசைனர் இங்க் சப்ளையரைக் காட்டினார்.

உண்மையில் மூன்றும் ஒன்றாக இருந்திருந்தால்தான் ஆச்சரியம். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளியைக் கூட்டி நிறம் வருகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் பேப்பரின் வெண்மையிலிருந்து ஒளியைக் கழிக்கின்றன. கூட்டலில் கிடைப்பதெல்லாம் கழித்தலில் கிடைக்காது. பளிச்சென்ற ஆரஞ்சு இதில் வசமாக மாட்டும். மெஜந்தா, மஞ்சள் புள்ளிகளால் அதை எட்ட முடியாமல் மங்கிவிடும். போஸ்டர் நாலு கலர் வேலை. டப்பாவோ தனி மை, அதாவது ஸ்பாட் கலர்.

ஸ்பாட் கலருக்கு நாம் நம்பும் பான்டோன் புத்தகம் 1963-ல் லாரன்ஸ் ஹெர்பர்ட் கொண்டுவந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் மை கலக்கும் அளவு உண்டு. நம்பருக்குப் பின்னால் சி, யு என்று இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை! சி என்றால் ஆர்ட் பேப்பர் மாதிரி கோட்டிங் உள்ளது, யு என்றால் மேப்லித்தோ மாதிரி இல்லாதது. மை ஒன்றேதான், மேப்லித்தோ அதை உறிஞ்சி மங்கலாக்கிவிடும்.

பிளாஸ்டிக் மூடிக்கு இந்த மையே கிடையாது. மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணையைப் பிளாஸ்டிக்கோடு உருக்குகிறார்கள். நிறமி வேறு என்பதால் வெயிலில் டப்பாவோடு பொருந்துகிற மூடி, கடை டியூப்லைட்டில் பொருந்தாமல் போகலாம். இதற்குப் பெயர் மெட்டாமெரிசம் (வைவாவில் கேட்பார்கள்!). அதனால்தான் குறிப்பிட்ட விளக்கு போட்ட லைட் பூத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

கண்ணை நம்பாமல் அளக்க ஸ்பெக்ட்ரோ இருக்கிறது. 1976-ல் சி.ஐ.இ. வகுத்த எல், ஏ, பி எண்களில் நிறத்தைச் சொல்லும். இரண்டு நிறத்துக்கும் உள்ள தூரம் டெல்டா ஈ. அது 2-க்குள் இருக்கணும் என்று கேட்கும் பார்ட்டிகள் உண்டு.

எங்கள் லாட்டில் நடந்தது என்ன? ஓ.கே. ஷீட்டில் கையெழுத்து வாங்கியது லேமினேஷனுக்கு முன்னால். பளபள ஃபிலிம் ஏறியதும் நிறம் அடர்ந்துவிட்டது. ஷேடு புத்தகமும் பழசு, வெளிச்சம் பட்டு வெளுத்தது. டிசைனரின் மானிட்டரைக் காலிபரேட் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆக, கை காட்டிய எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு; இங்க் சப்ளையர்தான் பாவம்.

இரண்டாம் முறை அதே அட்டையில் மையை இழுத்து, லேமினேஷனும் போட்டு, அதை அளந்த பிறகே கையெழுத்து வாங்கினோம். ஒன்று மிஷின் பக்கத்தில், ஒன்று பார்ட்டியிடம், ஒன்று வெளிச்சம் படாமல் கவருக்குள். திரைக்கு அந்த எல், ஏ, பி எண்ணிலிருந்தே கிட்டத்தட்ட வருகிற நிறத்தைப் போட்டு, "இவ்வளவுதான் சார் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார் டிசைனர்.

டப்பா பாஸ். போஸ்டருக்கு ஐந்தாவது பிளேட் செலவைக் கேட்டதும், "நாலு கலரே போதும்ப்பா" என்றார் பார்ட்டி.