ஆற்றின் மறுபாதி

நுழையும்முன்

இரண்டாம் உலகப்போரில் கலைப்பொருள்களைக் கொள்ளையிட்டவர் யார் என்று வினவினால், நாஜிகள் என்னும் விடையே முதலில் வரும். அவ்விடை சரியானதே, ஆயினும் முழுமையானதன்று. ஜெர்மனி இழந்த ஒரு நிலக்காட்சி ஓவியத்தின் வரலாற்றைக் கூறுகிறது இக்கட்டுரை.

இணை ஓவியங்கள்

ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நிலக்காட்சிகளைத் தீட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. மாலையொளி படர்ந்த குன்றுகள், இடிந்த பழங்கட்டடங்கள், மந்தை ஓட்டிச் செல்லும் இடையர் ஆகியவற்றை அங்குள்ள செல்வர் விரும்பி வாங்கினர். வியன்னாவில் பிறந்த யோகான் பிரான்ஸ் நேபோமுக் லௌட்டரரும் இவ்வகை ஓவியங்களைத் தீட்டியவர். 'இத்தாலியச் சாயல் நிலக்காட்சி' அவற்றுள் ஒன்று.

இது தனித்து நிற்பதற்காகத் தீட்டப்பட்டதன்று. இதற்கு இணையாக மற்றோர் ஓவியம் உண்டு. இரண்டையும் அருகருகே மாட்டினால், ஓர் ஆற்றுத்துறையின் அகன்ற காட்சி கண்முன் விரியும். இடையரும் வழிப்போக்கரும் ஆடு, மாடு, கழுதைகளுடன் அத்துறையில் கூடியிருக்கின்றனர். ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்றொன்றின் வண்ணம் மங்கிவிடுவதில்லை. காட்சி மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

போரும் இழப்பும்

இவ்விரு ஓவியங்களும் மியூனிக் நகரிலுள்ள பவேரிய அரசு ஓவியத் தொகுப்புக்கு உரியவை. வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சிய அருங்காட்சியகத்தார் ஓவியங்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தினர். அவர்கள் அஞ்சியது வீண்போகவில்லை. அத்தொகுப்பின் முதன்மைக் கூடமான ஆல்டே பினகோதெக் குண்டுவீச்சில் சிதைந்து, 1957-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. உடைந்த சுவர்ப்பகுதியை ஒப்பனையின்றி வெறுஞ்செங்கல் தெரியவே கட்டியுள்ளனர். அந்த வடுவை இன்றும் காணலாம்.

குண்டுகளிலிருந்து தப்பிய லௌட்டரரின் ஓவியம், 1945-இல் போர் முடிந்த குழப்பத்தில் காணாமற்போயிற்று. அதே மியூனிக்கில்தான் அமெரிக்கப் படையின் கலைப்பாதுகாப்புப் பிரிவினர் பெரும் சேகரிப்பு நிலையம் ஒன்றை அமைத்தனர். நாஜிகள் சுரங்கங்களில் பதுக்கிய கலைச்செல்வங்களை அங்கே கொணர்ந்து, உரியவரைத் தேடி அனுப்பினர். நாஜிக் கட்சியின் அலுவலகமாயிருந்த கட்டடமே அந்நிலையமாயிற்று என்பது வரலாற்றின் விந்தை.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-இல் வெளியிடப்பட்ட லீபர் விதித்தொகுப்பு, கைப்பற்றிய கலைப்பொருள்களைப் படையினர் தம் உடைமையாக்கிக் கொள்வதைத் தடைசெய்தது. 1907-ஆம் ஆண்டின் ஹேக் போர்விதிகளும் கலைப்படைப்புகளைக் கவர்வதைத் தடுக்கின்றன. பகைவரின் பொருள் என்பதற்காக இவ்விதிகள் விலக்கு அளிப்பதில்லை.

சிகாகோவில் ஒரு பேரம்

2011-இல் சிகாகோவின் கலைச்சந்தையில் அவ்வோவியத்தை விற்க முயற்சி நடைபெற்றது. அருங்காட்சியகம் உரிமை கோரியதும் விற்க வந்தவர் மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டு, காணாமற்போன கலைப்பொருள்களுக்கான ஜெர்மானியத் தரவுத்தளத்தில் இவ்வோவியம் பதிவு செய்யப்பட்டது.

பின்னர், சிகாகோவைச் சேர்ந்த ஒருவர் கலைமீட்பு நிறுவனம் ஒன்றைத் தாமே அணுகினார். போரில் பணியாற்றிய தம் குடும்பப் பெரியவர் கொண்டுவந்த ஓவியம் தம்மிடம் இருப்பதாகத் தெரிவித்தார். அதைத் திருப்பித்தரப் பணமும் கேட்டார். திருட்டுப்பொருளுக்கு விலை கொடுப்பதில்லை என்று நிறுவனத்தார் மறுத்துவிட்டனர்.

அவர் கேட்டதில் வியப்பில்லை. குடும்பப் பெரியவர் விட்டுச்சென்ற பொருள் தமக்கே உரியது என எண்ணுவது மனித இயல்பு. ஆனால், திருடியவருக்கு இல்லாத உரிமை அவரிடமிருந்து பெறுபவருக்கும் வாராது என்பதே அமெரிக்கச் சட்டத்தின் நிலைப்பாடு. எத்தனை கைமாறினாலும், எத்தனை ஆண்டுகள் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கினாலும், அவ்வுரிமை புதிதாகத் தோன்றிவிடாது. எடுத்தவர் வென்ற பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதும், இழந்த நாடு பெருங்கொடுமை புரிந்த நாடு என்பதும் இக்கணக்கில் சேர்வதில்லை. ஜெர்மனியின் குற்றங்களுக்கு நூரம்பர்க் நீதிமன்றம் விசாரணை நடத்தியது. ஒரு படைவீரரின் பயணப்பெட்டி அதற்குரிய இடமன்று.

அருங்காட்சியக ஆவணங்களோடு ஒப்பிட்டு ஓவியம் உறுதிசெய்யப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையும் துணைநின்றது. 2023 அக்டோபரில் சிகாகோவிலுள்ள ஜெர்மானியத் துணைத் தூதரகத்தில் ஓவியம் ஒப்படைக்கப்பட்டது. அதனைத் தந்தவர் தம் பெயரை வெளியிட வேண்டாவெனக் கேட்டுக்கொண்டார். காணாமற்போன 78 ஆண்டுகளுக்குப் பின், ஆற்றின் ஒரு பாதி, மியூனிக்கில் இருந்த மறுபாதியோடு சேரப் புறப்பட்டது.