கம்பளி நெசவு பழக வேண்டுமா? தறி கடைசியில்தான்

கம்பளி நெசவைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் முதலில் தறிக்குத்தான் விலை விசாரிக்கிறார்கள். தறி இப்போது வேண்டாம். ஒரு கிலோ ஆட்டு மயிரும், கையால் நூல் நூற்கும் தக்ளி ஒன்றும் போதும். நூலை அறியாமல் சால்வை நெய்தால், அது துவைத்தபின் எவ்வளவு சுருங்கும் என்று நெய்தவருக்கே தெரியாது.

மயிருக்கு இமயமலை வரை போக வேண்டியதில்லை. நீலகிரி ஆடு நயமான மயிர் தரும் இனம். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் அதை வளர்க்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடுகள் உண்டு. மயிர் விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

வாங்கிய மயிரில் பிசுக்கும் மண்ணும் நிறைய இருக்கும். கழுவியபின் எடை கணிசமாகக் குறையும். விலை பேசும்போதே இதை மனத்தில் வையுங்கள். கை பொறுக்காத வெந்நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து மயிரை அமிழ்த்தி வையுங்கள். கசக்கக் கூடாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சூடு சட்டென மாறி, கையும் அலைந்தால் மயிர் பின்னிக் கட்டியாகிவிடும். அப்புறம் நூற்க உதவாது.

காய்ந்த மயிரைக் கம்பிப் பல் பலகைகளில் சீவி, பட்டையாகச் சுருட்டித் தக்ளியில் நூற்க வேண்டும். முறுக்கு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. புதிதாக நூற்றதில் ஒரு முழத்தை மடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு இழையும் தாமாகச் சுற்றிக்கொண்டு சீராக நின்றால் நல்லது. சுருண்டு முடிச்சு விழுந்தால் முறுக்கு அதிகம். பிரிந்து தொங்கினால் போதாது. இந்தச் சோதனை கைக்குப் பழகும்வரை சாயத்தைத் தொடாதீர்கள்.

சாயத்தில், பருத்தி பழகிய கைகள்தான் அதிகம் தவறுகின்றன. பருத்தி சோடாக் காரத்தைத் தாங்கும். கம்பளி தாங்காது, அரித்துப் போகும். சாயம் நூலில் பிடிக்க, நூறு கிராம் நூலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் படிகாரம் கரைத்து, நூலை நனைத்துப் போட்டு, மெல்லச் சூடேற்றுங்கள். தளதளவென்று கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் வைத்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். மஞ்சிட்டி வேர் சிவப்பு தரும், மாதுளைத் தோல் மஞ்சள் தரும். அவுரிக்குப் படிகாரம் தேவையில்லை. தொட்டியிலிருந்து பச்சையாக எழும் நூல் காற்றுப்பட்டு நீலமாவதைப் பார்ப்பதே தனிச் சந்தோஷம். மஞ்சள் கிழங்கை மட்டும் விற்பனைச் சரக்குக்குப் போடாதீர்கள், வெயிலில் வெளுத்துவிடும்.

இனி தறிக்கு வரலாம். முறையாகப் படிக்க சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கம்பளியையே குறிவைப்பவர்கள் ஒருமுறை இமயமலைப் பகுதியிலுள்ள குலுவுக்குப் போய்வர வேண்டும். 1944இல் தொடங்கிய புட்டிகோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இன்றும் சால்வை நெய்கிறது. கம்பளி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆகவே பாவு நூலை, அதாவது தறியின் நீளவாட்டு இழைகளை, பருத்தி போல விறைக்கக் கட்டாதீர்கள். முதலில் ஒரு சாண் துண்டு நெய்து, துவைத்து, சுருக்கத்தை அளந்தபின் சால்வைக்குக் கணக்குப் போடுங்கள்.

வருமானத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு தறி ஒரு நாளில் தின்னும் நூலைத் தக்ளியில் ஒருவர் ஒரு நாளில் நூற்க முடியாது. எனவே தொடக்கத்தில் பாவுக்கு ஆலை நூலும் குறுக்கே ஓடும் ஊடைக்குக் கைநூலும் போடுவதே புத்திசாலித்தனம் என்பேன். அதை மறைக்காமல் சால்வைச் சீட்டில் எழுதுங்கள். நூற்ற நேரம், சாயமிட்ட நேரம், நெய்த நேரம் மூன்றையும் தனித்தனியே குறித்து, மூன்றுக்கும் கூலி சேர்த்து விலை வையுங்கள். நூற்ற கூலியை விட்டுக்கொடுத்து விற்கவே விற்காதீர்கள்.