அம்மா முகத்தை அவங்க நிறத்திலேயே வரைவோம்

நம் வீடுகளில் இறந்துபோன அம்மா, அப்பத்தா படத்தைப் பெரிசு பண்ணி மாட்டியிருப்போம். நிறைய படங்களில் முகம் வெளுத்துப்போய் இருக்கும். மேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் அப்படி வாங்கி வந்த படத்தைப் பார்த்து அழுதேவிட்டார். "எங்காத்தா வெயில்ல நாத்து நட்டவ. இது யாரோ!" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் வாட்டர் கலரில் முகம் வரையப் பழகினோம்.

கச்சேரி மேடைகளில் சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் சேர்ந்திருக்கும் படம் பார்த்திருப்பீர்கள். அந்த உருவங்களை நமக்குத் தந்தவர் எஸ். ராஜம் (1919-2010). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நல்ல பாடகர், 1934-ல் சினிமாவில் ராமராகவும் நடித்தவர்! வாட்டர் கலரை மெல்லிசாகப் பூசி, தண்ணீரில் கழுவி, மேலே மறுபடியும் பூசும் 'வாஷ்' முறையில் வரைந்தார்.

இதில் வெள்ளைப் பெயிண்டே கிடையாது. காகிதம்தான் வெள்ளை. நம்ம மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்குதே, அதேபோலக் கண்ணின் மினுக்கு, மூக்கு நுனி, மூக்குத்தி ஆகிய இடங்களைப் பூசாமல் விட்டுவிட வேண்டும்.

கலர் கண்ணாடி மாதிரி அடியில் உள்ளதைக் காட்டணும். போஸ்டர் கலர் மறைத்துவிடும். தண்ணீரில் கரையாத கருப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் கலரைப் பூசுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கலர் நமக்கு ஆகும்.

300 கிராம் கெட்டிக் காகிதத்தில் பென்சிலால் முகத்தை லேசாக வரைந்துகொள்ளுங்கள். முதலில் தண்ணியான மஞ்சளை முகம் முழுக்கப் பூசுங்கள். காய்ந்ததும் செங்கல் நிறத்தில் இருக்கும் பர்ன்ட் சியன்னா. அதுவும் காய்ந்ததும் கன்னம், காது, உதட்டில் சிவப்பு. பிறகு தாடை ஓரம், கண்ணுக்குக் கீழே, கழுத்தில் மெல்லிய நீலம். நிறம் போதவில்லையா? இதையே திரும்பப் பூசுங்கள். கருப்பு மட்டும் வேண்டாம், முகம் கரி பூசினாற்போல் ஆகிவிடும். மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் நம்ம மாநிறமும் கருப்பும் வரும். வெளிச்சம் அத்தனை பூச்சையும் கடந்து காகிதத்தைத் தொட்டுத் திரும்புவதால் கருத்த முகமும் மினுமினுன்னு இருக்கும்.

அவசரம் கூடாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லுன்னு இருந்தால் இன்னும் ஈரம். ஈரத்தில் பூசினால் அடிப்பூச்சு கிளம்பிச் சேறாகும். எங்கள் முதல் முகம் அப்படித்தான் போச்சு, சிரிக்காதீங்க.

கிரிம்சன் லேக் சிவப்பு வெயிலில் வெளிறும். கண்ணாடிச் சட்டம் போட்டு, வெயிலும் ஓதமும் படாத சுவரில் மாட்டுங்கள்.

அந்த அக்காவின் ஆத்தாவை மூன்றாவது தடவைதான் சரியாக வரைந்தோம். பதினோரு பூச்சு, இரண்டு சாயங்காலம். அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நெத்தியில இன்னும் கொஞ்சம் கருப்பு" என்றார். பன்னிரண்டாவது பூச்சு பூசினோம்.