நம் விவரம் நம் கையில் நிற்குமா?

பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மூத்தோர் லயத்து வாழ்க்கையை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருந்தது. ஊரிலிருந்து வந்த கடிதத்தை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். வாசலில் நிற்போர் அனைவரும் கேட்பர். பிரட்டில் பெயர் கூப்பிடும்போதே யார் வேலைக்கு வரவில்லை என்பது தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும். நம் சம்பளமும் முன்பணமும் கிராணியாரின் பேரேட்டில் இருந்தன. ஆயினும் அப்பேரேடு அலுவலக அலமாரியை விட்டு வெளியே போகவில்லை. அதைப் பார்த்தவர் யார் என்பதையும் நாம் அறிந்திருந்தோம்.

இன்று நம் பெயரும் எண்ணும் முகவரியும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று நமக்குத் தெரிவதில்லை. இந்நிலையில் தனி மனிதனின் விவரங்களைக் காத்துக்கொள்வது இனியும் இயலுமா? இக்கேள்வியை இம்மாதம் ஆராய்வோம்.

எண்ணே நம்மைச் சொல்லும்

மலாயாவில் அடையாள அட்டை 1948ஆம் ஆண்டு, அவசரகாலத்தில் அறிமுகமானது. 2001ஆம் ஆண்டு முதல் மின்சில்லு பதித்த மைகார்டு வந்தது. அதிலுள்ள 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். கெடாவில் பிறந்த நம்மில் பலருக்கு அது 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஆகவே எண்ணை மட்டும் அறிந்தவரும் நம் வயதையும் பிறந்த மாநிலத்தையும் கூறிவிட முடியும். கைப்பேசி எண் வெளியானால் வேறு எண் வாங்கலாம். இந்த எண்ணோ வாழ்நாள் முழுவதும் நம்முடன் வருவது.

விவரம் எவ்வாறு வெளியே போகிறது?

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல் வயது வந்த குடிமக்களுக்கு 100 வெள்ளி சாரா உதவி மைகார்டு வழியாக வழங்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்திலும் பெட்ரோலுக்கு அதே அட்டை பயன்பட்டது. இவை நன்மை தரும் திட்டங்கள். அட்டையை நீட்டுவது இப்படி அன்றாட வழக்கமாகிவிட்டதால், கேட்பவர் யார், எதற்காக என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிடக் கூடாது.

நாம் கவனமாக இருந்தாலும் பிறர் கவனக்குறைவால் கேடு நேரலாம். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களுக்குரிய விவரங்கள் வெளியே கசிந்திருந்தது 2017ஆம் ஆண்டு அக்டோபரில் தெரியவந்தது. அது நம் நாட்டு மக்கள் தொகையைவிட அதிகம். எண்களோடு பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் அவற்றில் இருந்தன. சிந்திய பாலை மீண்டும் கோப்பையில் சேர்க்க முடியாது என்பதைப் பால்மரம் வெட்டும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தெரிந்தவர் போலப் பேசுவோர்

மோசக்காரர்களுக்கு இவ்விவரங்கள் ஒரு திறவுகோல். நீதிமன்றத்திலிருந்தோ வருமான வரி இலாகாவிலிருந்தோ பேசுவதாகக் கூறி, நம் பெயரையும் அட்டை எண்ணையும் பிழையின்றிச் சொல்வர். "இத்தனையும் அறிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்" என நாம் நம்பிவிடுகிறோம். இங்கேதான் ஏமாறுகிறோம். நம் எண்ணை அறிந்திருப்பது அதிகாரத்திற்குச் சான்றாகாது.

சில நூறு வெள்ளிக்கு ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறருக்கு இரவல் கொடுப்பது இன்னும் ஆபத்தானது. திருட்டுப் பணம் அக்கணக்கின் வழியே ஓடும். விசாரணை வரும்போது கணக்கில் இருப்பது நம் பெயரே. வங்கிக் கணக்கை இப்படிப் பிறர் கையில் விடுவதைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டம் 2024ஆம் ஆண்டு திருத்தப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதை வணிக நிறுவனம் நமக்கு அறிவிக்க வேண்டும்; அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; தேவை முடிந்தபின் அழித்துவிட வேண்டும். தன்னைப் பற்றி என்ன விவரம் இருக்கிறது என்று கேட்கவும், விளம்பரத்திற்குப் பயன்படுத்த வேண்டாம் எனத் தடுக்கவும் நமக்கு உரிமையுண்டு. 2024இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியது. அதன்படி அடிப்படை விதிகளை மீறுவோருக்கு உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது.

இச்சட்டத்திற்கு எல்லையும் உண்டு. மத்திய, மாநில அரசுகளை இது கட்டுப்படுத்துவதில்லை; வணிகத் தொடர்புகளுக்கே பொருந்தும். எனவே அரசு அலுவலகத்திலும், "இவ்விவரம் எதற்கு?" என்று மரியாதையோடு கேட்டுத் தெளிவது குடிமகனின் கடமையே.

நாம் செய்யக் கூடியவை

1. அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, அதன் குறுக்கே இரண்டு கோடிட்டு, எந்தக் காரியத்திற்கு என்பதையும் தேதியையும் எழுதுவோம்.

2. அட்டையை அடகாகக் கொடுக்க மாட்டோம். வட்டிக்குக் கடன் தருபவரோ காவல் கொட்டகைக்காரரோ நம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள உரிமையற்றவர்.

3. வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணை எவரிடமும் சொல்ல மாட்டோம். உதவித்தொகை என்று வரும் இணைப்பைத் தொடுவதற்கு முன், கைப்பேசி அறிந்த பிள்ளைகளிடம் காட்டுவோம்.

4. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க மாட்டோம். உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் தெரிவித்து, போலீசில் புகார் செய்வோம். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

எவருமே அறியாமல் வாழ்வது இனி இயலாது. லயத்தில் வாழ்ந்தபோதும் நாம் அப்படி வாழவில்லை. ஆனால் யாருக்கு, எதற்காக, எவ்வளவு சொல்வது என்ற முடிவில் பெரும்பகுதி இன்னும் நம்மிடமே உள்ளது. பால் சிந்தும் முன் கோப்பையை நேராக வைப்பதுபோல், விவரம் கேட்கப்படும் இடத்திலேயே ஒரு கணம் நின்று "எதற்கு?" என்று கேட்போம். இன்றிரவே இதை வீட்டிலுள்ள முதியோருக்கும் படித்துக் காட்டுவோமாக.